வாளைப் பார்த்தேன், விரலைப் பார்க்கவில்லை

ஜெர்மனியின் டிரெஸ்டனுக்கு வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம், பக்கத்து ஊரான மைசனின் பேர்பெற்ற ஆலை செய்யும் பீங்கான் பொம்மை ஒன்றை முதன்முதலாக வாங்கினேன். பூக்கூடை ஏந்திய சிறுமி, ஒரு சாண் உயரம்கூட இல்லை. அடியில் நீல நிறத்தில் குறுக்கு வாள் முத்திரை. 1720களிலிருந்து மைசன் ஆலை போடும் அடையாளம். நகத்தால் தடவினால் தட்டுப்படவில்லை. கண்ணாடி மெருகுக்கு அடியில் எழுதிய நீலம்தான் என்று பூரித்துப்போய் 240 யூரோவை எண்ணிக் கொடுத்தேன்.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, கள்ளநோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சை அடித்தேன். உடம்பெல்லாம் மங்கலான ஊதா. வலது மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் பால் சிந்தியதுபோல் வெளுத்து மின்னியது. ஒட்டுக்கை! யாரோ பிசினில் விரல் செய்து சாயம் பூசியிருக்கிறார்கள். விற்றவர் தனக்கும் தெரியாது என்று கையை விரித்துவிட்டார்.

அடுத்த வாரம் ரயிலேறி மைசனுக்கே போனேன். ஆலையின் காட்சிப் பட்டறையில் கண்ணெதிரே செய்து காட்டுகிறார்கள். தலை, கை, உடம்பு எல்லாம் தனித்தனி அச்சு. ஒரு அம்மா விரல்நீளக் கையை எடுத்து, கூழ்மண் தொட்டு, தோளில் வைத்துத் தூரிகையால் நீவினார். இணைப்பே தெரியவில்லை. ஆனால் நீட்டிக்கொண்டிருக்கிற கை, விரல், பூவிதழ்தானே கீழே விழுந்தால் முதலில் போகும்? சூளையில் பொம்மை ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சுருங்குமாம். அசல் பொம்மையிலிருந்தே அச்செடுத்துச் செய்த போலி அதனால்தான் குள்ளமாகிவிடுகிறது. இன்னொன்று, 1731இல் ஆலையில் சேர்ந்த சிற்பி கேண்ட்லர் வடித்த உருவங்களைப் பிற்காலத்திலும் செய்துகொண்டே இருந்தார்கள். உருவம் பழசு என்பதால் பொம்மை பழசாகிவிடாது.

இப்போது சனிக்கிழமை எல்பே ஆற்றங்கரைச் சந்தைக்குப் போனால் சட்டைப்பையில் டார்ச்சும் அளவு டேப்பும் இருக்கும். விரல், கழுத்து, இதழ், கடைசியில்தான் வாள். லேஸ் பாவாடைப் பொம்மைகள் பக்கம் போவதில்லை. நிஜ லேஸைக் கூழ்மண்ணில் தோய்த்துச் சுட்டது, மூச்சு விட்டாலே உதிரும்போல இருக்கும்.

போன மாதம் ஒரு தோட்டக்காரப் பையன் கிடைத்தான். வாளின் குறுக்கே ஒரு கீறல், அதாவது ஆலையே இரண்டாம் தரமென்று ஒதுக்கியது. தொப்பியில் ஓர் இதழைக் காணோம் என்று கடைக்கார அம்மாவே காட்டினார். 70 யூரோ. உள்ளே வெற்றிடம் என்பதால் அடித் துளையைப் பஞ்சால் அடைத்து, மென்தூரிகையால் கழுவினேன். தண்ணீர் டீ நிறத்தில் போனது. இப்போது சிறுமிக்குப் பக்கத்தில் நிற்கிறான். அவள் ஒட்டுக்கையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன்.