முடியிலிருந்து அணுவுக்கு: மண்டபம் ஊரில் செய்து பார்த்த இரண்டு அளவீடுகள்

தலைமுடியின் குறுக்கே பத்து லட்சம் அணுக்களை வரிசையாக அடுக்கலாம் என்று பல நூல்களில் படித்திருக்கிறோம். அந்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், வீட்டில் கிடைக்கும் பொருள்களைக் கொண்டே அதன் அருகில் சென்றுவிட முடியுமா என்று பார்க்க விரும்பினேன். அதற்கு இரண்டு அளவுகள் வேண்டும்: ஒரு முடியின் தடிமன், தண்ணீரின் மேல் எண்ணெய் பரவி நிற்கும் படலத்தின் தடிமன்.

முடியை அளப்பது எளிதாக முடிந்தது. அட்டையில் துளையிட்டு, அதன் குறுக்கே அம்மாவின் முடி ஒன்றை இழுத்து ஒட்டி, 650 நானோமீட்டர் என்று குறிக்கப்பட்ட சிவப்பு லேசர் ஒளியை அதன்மேல் பாய்ச்சினேன். (ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. லேசரை எக்காரணம் கொண்டும் கண்ணுக்கு நேரே பிடிக்கக் கூடாது.) மூன்று மீட்டர் தள்ளியிருந்த சுவரில் ஒளியும் இருளும் மாறி மாறி விழுந்தன. அடுத்தடுத்த இருட்டுப் பட்டைகளுக்கு இடையே 26 மி.மீ. இருந்தது. ஒளியின் அலைநீளத்தைச் சுவரின் தூரத்தால் பெருக்கி, இந்த இடைவெளியால் வகுத்தால் முடியின் தடிமன் கிடைக்கும். அது 75 மைக்ரோமீட்டர், அதாவது 75,000 நானோமீட்டர். அதே முடியைப் பென்சிலில் நெருக்கமாக இருபது சுற்று சுற்றியபோது அகலம் ஒன்றரை மி.மீ. வந்ததால், இந்தக் கணக்கின்மேல் நம்பிக்கை பிறந்தது. அக்கா மகளின் முடியில் பட்டைகள் 35 மி.மீ. இடைவெளிக்கு விலகின, அவள் முடி ஏறத்தாழ 56 மைக்ரோமீட்டர்தான். ஆகவே, யாருடைய முடி என்று சொல்லாமல் அணுவை முடியோடு ஒப்பிடுவது அரைகுறையான ஒப்பீடு என்றே கருதுகிறேன்.

எண்ணெய்ப் படலம்தான் இந்த முயற்சியின் உயிர். ஒரு தேக்கரண்டி எண்ணெய் லண்டனின் கிளாப்பம் குளத்தில் அரை ஏக்கர் வரை பரவி அலையை அடக்கியதைப் பெஞ்சமின் பிராங்க்ளின் 1774-இல் பதிவு செய்தார். ஆனால் படலத்தின் தடிமனை அவர் கணக்கிடவில்லை. ஜெர்மனியில் தம் வீட்டுச் சமையலறையில் நீர்ப்பரப்பை ஆராய்ந்த ஆக்னஸ் பொக்கெல்ஸ் எழுதிய கடிதம், ஆங்கில இயற்பியலாளர் ரேலே பிரபுவின் பரிந்துரையால் 1891-இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. நீரின் மேற்பரப்பை ஒரு பட்டையால் வழித்துத் தூய்மை செய்யும் முறையைப் பொக்கெல்சிடமிருந்தே எடுத்துக்கொண்டேன்.

விசைப்படகுகள் நிற்கும் இடத்தில் டீசல் வானவில் நிறத்தில் மிதப்பதைக் கரையில் உள்ள எல்லோரும் பார்த்திருப்போம். நிறம் தெரியும் அந்தப் படலம் நூற்றுக்கணக்கான நானோமீட்டர் தடிமன் கொண்டது. ஒற்றை மூலக்கூறு அளவுக்கு மெலிந்த படலமோ கண்ணுக்கே தெரியாது. அதனால் கறுப்பு நிற அகன்ற தட்டில் தண்ணீரை விளிம்பு வரை நிரப்பி, முகப்பவுடரை மெல்லத் தூவினேன். கச்சான் காற்று அடிக்கும் பருவம் என்பதால் சன்னல், கதவு எல்லாவற்றையும் அடைக்க வேண்டியிருந்தது. மெல்லிய கம்பியின் நுனியில் எடுத்த நல்லெண்ணெய்த் துளியை, கடிகாரம் பழுது பார்ப்பவர்கள் பயன்படுத்தும் கண்லென்சின் வழியே அளவுகோலோடு வைத்துப் பார்த்தேன். அதன் விட்டம் அரை மி.மீ. நீரைத் தொட்ட கணத்தில் பவுடர் நாற்புறமும் விலகி, 22 செ.மீ. விட்டமுள்ள தெளிந்த வட்டம் திறந்தது. அவ்வளவு சிறிய துளி அவ்வளவு இடத்தைப் பிடித்ததைக் கண்டு அம்மா இன்னொரு முறை செய்யச் சொன்னார்.

துளியின் கன அளவு 0.065 கன மி.மீ., வட்டத்தின் பரப்பு சுமார் 38,000 சதுர மி.மீ.; வகுத்தால் 1.7 நானோமீட்டர். துளியின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் விடை மூன்றில் ஒரு பங்கு மாறிவிடும் என்பதால், இதை ஒரு மதிப்பீடாகவே கொள்ள வேண்டும்.

படலத்தின் தடிமன் ஒரே ஒரு மூலக்கூறின் உயரம்தான்: அதில் நல்லெண்ணெய் மூலக்கூறு நீரை நாடும் தன் தலையை நீரில் பதித்து, கார்பன் சங்கிலிகளை மேலே நீட்டி நிற்கிறது. ஒவ்வொரு சங்கிலியிலும் பெரும்பாலும் 18 கார்பன் அணுக்கள் உண்டு. 1.7-ஐ 18-ஆல் வகுத்தால் ஓர் அணுவுக்கு 0.1 நானோமீட்டரை ஒட்டி வருகிறது. சங்கிலி சாய்ந்தும் வளைந்தும் நிற்பதால் இது சற்றுக் குறைவான மதிப்பு. பிணைந்த இரு கார்பன் அணுக்களின் மையங்களுக்கு இடையே உள்ள உண்மையான தூரம் 0.154 நானோமீட்டர். அந்த அளவை எடுத்துக்கொண்டால் அம்மாவின் முடியின் குறுக்கே ஏறத்தாழ ஐந்து லட்சம் கார்பன் அணுக்கள் அடங்கும். ஓர் அணுவை நான்கு மி.மீ. அளவுள்ள பாசிப்பயறாகப் பெருக்கினால், அதே அளவில் பெருக்கிய முடி இரண்டு கிலோமீட்டர் அகலமாகி, பாம்பன் ரயில் பாலத்தின் நீளத்தை நெருங்கும்.

வடகடல் (எங்கள் ஊருக்கு வடக்கே உள்ள பாக் விரிகுடா) தண்ணீரிலும் இதையே செய்து பார்த்தேன். பவுடர் சிறிதளவே விலகி நின்றுவிட்டது. பாசியும் நுண்ணுயிர்களும் விடும் கொழுப்புப் பொருள்கள் கடலின் மேற்பரப்பில் ஏற்கெனவே படிந்திருப்பதுதான் காரணமாக இருக்க வேண்டும். மேற்பரப்பைப் பலமுறை வழித்த பின் வட்டம் பெரிதாகத் திறந்தது இந்த எண்ணத்தை வலுப்படுத்துகிறது. எங்கள் ஊர்க் கிணற்று நீரும் உவர்ப்பு கலந்ததே. ஐப்பசி மழையில் பிடித்த நீரை வைத்து அடுத்த அளவை எடுக்கப்போகிறேன்.