85-க்குப் பிறகு என்ன?

எனக்கு 57 வயது ஆகிறது. பணி ஓய்வைப் பற்றி யாராவது கேட்டால், "எல்லாம் சரியாக இருக்கிறது, சமாளித்துவிடலாம்" என்றுதான் சென்ற ஆண்டு வரை சொல்லிவந்தேன். உண்மையாகவே அப்படி நம்பினேன். எங்கள் பிரிவில் எனக்கு மூத்தவர் ஒருவர் 65 வயது வரை வேலை பார்ப்பதாக எண்ணியிருந்து, முதுகுத்தண்டுக் கோளாறால் 61 வயதிலேயே வேலையை விட நேர்ந்தபோதுதான், என் நம்பிக்கைக்கு அடியில் எந்தக் கணக்கும் இல்லை என்பது உறைத்தது. அவர் எதிர்பார்த்திருந்த நான்கு ஆண்டுச் சம்பளம் வராமல் போனதோடு, சேமிப்பை எடுத்துச் செலவழிக்க வேண்டிய காலமும் நான்கு ஆண்டுகள் நீண்டுவிட்டது.

இது அவருக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. அமெரிக்காவில் 1991 முதல் நடத்தப்பட்டுவரும் ஓய்வுக்கால நம்பிக்கை ஆய்வில், ஓய்வு பெற்றவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், தாங்கள் நினைத்ததற்கு முன்பே வேலையிலிருந்து வெளியேறியதாகத் தொடர்ந்து சொல்லிவருகிறார்கள். உடல்நலக் குறைவும் வேலை செய்த இடத்தில் ஏற்பட்ட மாற்றங்களும் அதற்கான முக்கியக் காரணங்கள். அதே நாட்டில் நடந்த மற்றோர் ஆய்வு என்னை இன்னும் அதிகமாகக் கலக்கியது. 60 வயதைக் கடந்தவர்களின் நிதி அறிவு ஆண்டுக்கு ஆண்டு சிறிது சிறிதாகக் குறைகிறது, ஆனால் பண விஷயங்களில் தங்கள் திறமை மீது அவர்களுக்குள்ள நம்பிக்கை குறைவதில்லை என்று அது கண்டது. ஆகவே, ஓய்வை நெருங்குபவரிடம் "தைரியமாக இருங்கள்" என்று சொல்வதைவிட, தெளிவு இருக்கும்போதே கணக்கை எழுதி வையுங்கள் என்று சொல்வதுதான் அவருக்குச் செய்யும் உதவி என்று நினைக்கிறேன்.

நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டுப் புத்தகத்துடன் உட்கார்ந்தேன். இன்றைய மாதச் செலவைப் பன்னிரண்டால் பெருக்கி, 60 முதல் 85 வயது வரை 25 ஆண்டுகளுக்கும் அதே தொகையை வைத்துக் கூட்டினேன். சேமிப்பு போதும் என்று வந்தது. தாளை வாங்கிப் பார்த்த என் மனைவி, "உங்களுக்கு 85 ஆகும்போது எனக்கு 79 தானே, அதற்குப் பிறகு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. இத்தனை ஆண்டுகள் சேர்ந்து நடத்திய குடும்பத்தின் கணக்கை என் ஆயுளோடு முடித்திருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது.

விலைவாசியையும் விட்டிருந்தேன். 72-ஐப் பணவீக்க விகிதத்தால் வகுத்தால், செலவு இரட்டிப்பாக ஏறத்தாழ எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று தெரிந்துவிடும். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் அது 12 ஆண்டுகள். அதாவது 60 வயதில் 100 ஆக இருக்கும் செலவு 72 வயதில் 200 ஆகவும், 84 வயதில் 400 ஆகவும் இருக்கும். அவளுடைய 95 வயது வரை நீட்டி மீண்டும் போட்டபோது, எனக்கு 81 ஆகும்போதே சேமிப்பு தீர்ந்துபோனது.

அந்த எண்ணைப் பார்த்த இரவு தூக்கம் வரவில்லை. ஆனால் எவ்வளவு குறைகிறது என்பது தெரிந்த பிறகு, அதற்குமுன் இருந்த இனம்புரியாத பயம் போய், செய்ய வேண்டியவை கண்ணுக்குத் தெரியத் தொடங்கின. வீட்டுக் கடனை ஓய்வுக்கு முன்பே அடைக்க மாதத் தவணையைக் கூட்டினோம். 60-க்குப் பிறகு சில ஆண்டுகள் பகுதிநேர வேலை பார்க்க விரும்புகிறேன். ஆயினும் அந்த மூத்தவரை நினைத்து, அந்த வருமானம் வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும் தனித் தாளில் எழுதியிருக்கிறேன்.

எங்களில் ஒருவர் படுத்த படுக்கையானால் ஆகும் பராமரிப்புச் செலவு என்ற வரியை அவள்தான் தன் கையெழுத்தில் கடைசியில் சேர்த்தாள். அதற்கு எதிரே எழுத வேண்டிய தொகையை இருவருமாக இந்த மாதம் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.