படப்பக்கரைக் களிமண்ணில் சுறாப் பல்லும் செவிக்கல்லும்

கொல்லத்தை அடுத்த படப்பக்கரையில், அஷ்டமுடிக் காயலின் கரையோரமாக, சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் அடுத்தடுத்துப் படிந்த ஒரு சரிவு இருக்கிறது. ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன், மயோசீன் காலத்தின் முற்பகுதியில், கடற்புல் அடர்ந்த ஆழமற்ற வெப்பக்கடலின் அடியில் சேர்ந்த வண்டல் அது. நிலவியலாளர்கள் அதைக் குயிலான் படிவம் என்பார்கள். முதுகலைத் திட்டப்பணிக்காக அங்கிருந்து 12 கிலோ எடுத்துவந்து, அதில் இருந்த மீன் எச்சங்களைப் பிரித்தெடுக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. இதே வேலையைத் தொடங்கவிருப்பவர்கள் நான் செய்த தவற்றைச் செய்யாதிருக்க இதை எழுதுகிறேன்.

சுறாவின் எலும்புக்கூடு குருத்தெலும்பால் ஆனது. அது கல்லாக மாறி நிலைப்பது அரிது. ஆனால் சுறா வாழ்நாள் முழுவதும் பற்களை உதிர்த்துக்கொண்டே இருப்பதாலும், பல் பாஸ்பேட்டால் ஆனதாலும், கடலடி மண்ணில் பற்கள் எஞ்சுகின்றன. பல்லைத் தேடித்தான் நானும் போனேன். சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துப் பல்லை விட்டுவைக்கும் என்பதற்காக, முதல் 5 கிலோவை, கல், களிமண் என்று பிரிக்காமல், நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் போட்டேன். இரண்டு வாரம் அமிலத்தை மாற்றி மாற்றி ஊறவைத்து, அடியில் தங்கியதை அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசியபோது, சிறு சுறாக்களின் பற்களும், சிப்பிகளை அரைத்துத் தின்னும் திருக்கையின் தட்டையான பற்களும் கிடைத்தன. அன்று எனக்கிருந்த மகிழ்ச்சியில் வேறெதையும் யோசிக்கவில்லை.

மீதி 7 கிலோவும் களிமண்ணாக இருந்ததால் தண்ணீரே போதும் என்று முடிவு செய்தேன். ஈரம் இருக்கும் களிமண் தண்ணீரில் நாள்கணக்கில் கட்டியாகவே கிடக்கும். வெயிலில் முழுவதுமாகக் காய்ந்த பிறகு ஊறவைத்தால்தான் தானே உதிரும். அப்படிக் காயவைத்து அலசியதை நுண்ணோக்கியின் கீழ்க் கறுப்புத் தட்டில் பரப்பி, ஈரத் தூரிகையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கியபோது, அரிசிமணியைவிடச் சிறிய வெண்ணிற நீள்வட்டத் துண்டுகள் நிறைய வந்தன. கிளிஞ்சல் உடைசல் என்று ஒதுக்கவிருந்தேன். என் ஆய்வு வழிகாட்டி அவற்றில் ஒன்றைத் திருப்பி, உட்புறத்தில் ஓடும் பள்ளத்தைக் காட்டியதும் புரிந்தது. கத்தாளை மீனை அரிந்தவர்களுக்குத் தெரியும், தலைக்குள் இரு வெள்ளைக் கற்கள் இருக்கும். மீனின் உட்செவியில் இருக்கும் அதே செவிக்கற்கள்தான் இவை, வேறு மீன்களுடையவை.

செவிக்கல் அரகோனைட், அதாவது சுண்ணாம்புக்கல்லைப் போலவே கால்சியம் கார்பனேட். முதல் வாளியில் நான் ஊற்றிய அமிலம் அவற்றையும் சேர்த்துக் கரைத்திருக்கிறது என்பது அந்த நொடியில்தான் உறைத்தது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. ஏனெனில் எலும்பு மீன்களின் இனங்களை அடையாளம் காண இவற்றின் வடிவமும் பள்ளமும் பேருதவி செய்கின்றன. அரேபியா ஆசியாவோடு இணைந்து, மத்தியதரைக் கடலுக்கும் இந்தியப் பெருங்கடலுக்கும் இடையிலான வழி அடைபட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்போது இந்தப் பக்கத்தில் எந்த மீன்கள் வாழ்ந்தன என்பதற்குச் சான்று இந்தச் சிறு கற்களில் இருக்கிறது. இதே படிவத்தின் செவிக்கற்களை வைத்து 2022-இல் புதிய மீனினங்கள் விவரிக்கப்பட்டுள்ளன.

பற்களை இனம் பிரிப்பதிலும் தடுமாறினேன். அகன்று, ஓரத்தில் ரம்பம்போல் வெட்டுகள் உள்ளவற்றை ஓரினமாகவும், ஒடுங்கி நீண்டவற்றை மற்றோர் இனமாகவும் எழுதிவைத்திருந்தேன். நீண்டகரைத் துறைமுகத்தில் ஒரு சுறாத் தலையை வாங்கி, வேகவைத்துப் பற்களை வரிசை மாறாமல் பிடுங்கிப் பார்த்தபோது, மேல்தாடைப் பல் அகலமாகவும் கீழ்தாடைப் பல் ஒடுக்கமாகவும் இருந்தன. என் இரண்டு இனங்களும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன.

முதலில் காயவைத்துத் தண்ணீரில் அலசி, செவிக்கற்களைப் பொறுக்கி முடித்தபின், உதிராத சுண்ணாம்புக்கல்லை மட்டும் அமிலத்தில் இடுவதே சரியான வரிசை. இறுதி அட்டவணையில், முதல் 5 கிலோவுக்கான செவிக்கல் கட்டத்தில் நான் சுழியம் போடவில்லை. கோடு போட்டு, ‘அமிலத்தில் கரைந்தது’ என்று அடிக்குறிப்பு எழுதினேன்.