வெள்ளகோவில் கொறங்காட்டில் வாங்கிய கிடாய்

கோவையிலிருந்து பல்லடம், காங்கயம் தாண்டி வெள்ளகோவில் போகிற வழியில், தேங்காய்க் களங்கள் குறையக் குறைய கொறங்காடுகள் கண்ணில் படும். அங்கே ஒரு தோட்டத்து வீட்டில் நாலு குடும்பம் சேர்ந்து ஒரு கிடாய் சொல்லிவைத்திருந்தோம். கடையில் வாங்கும் கறி எங்கே மேய்ந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது. இங்கே அந்தக் காட்டுக்குள்ளேயே நடந்து பார்த்தேன்.

கொறங்காடு சும்மா கிடக்கும் தரிசு அல்ல. மேய்ச்சலுக்கென்றே தலைமுறைகளாகக் காத்துவரும் மானாவாரி நிலம். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரங்கள். ஒரு காடு மேய்ந்து முடிந்ததும் ஆடுகளை அடுத்த காட்டுக்கு மாற்றி, புல் தழைய விடுகிறார்கள். வேலி அடர்த்தியாக இருப்பதால் நாள் முழுக்க மேய்க்க ஆள் வேண்டியதில்லை. கோடையில் புல் காய்ந்த பிறகு?

"அப்ப வெள்வேலங்காய் உதிருமுங்க. அதத் தின்னுக்கும்," என்றார் வீட்டு அம்மா. "மொதல்ல மோரு குடிங்க கண்ணு."

மேச்சேரி இனச் செம்மறி. செம்பழுப்பு நிறம், கம்பளி இல்லாத குட்டை முடி. எங்கள் கிடாய் உயிர் எடையில் 24 கிலோ. உரித்த பிறகு கறி 11 கிலோ தேறியது. தொடை, நெஞ்செலும்பு, ஈரல் எல்லாம் எல்லாருக்கும் வருகிற மாதிரி கூறு போட்டார்கள். தலையும் குடலும் யாருக்கு என்பதுதான் கொஞ்ச நேரம் பேச்சு!

விலை கடையைவிடக் குறைவில்லை. குறைத்துக் கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை. பக்கத்துக் காடுகள் சில வீட்டுமனையாகிவிட்டன. ஆட்டு வருமானம் கட்டுப்படியானால்தான் மிச்சமிருக்கும் கிளுவை வேலிகள் நிற்கும். நடுவில் யாரும் இல்லாமல் முழுப் பணமும் அந்த வீட்டுக்கே போவது எனக்கு அவ்வளவு முக்கியம்.

அப்புறம் சமையல். மேய்ந்து திரிந்த ஆடு, கொழுப்பு குறைவு, வேகக் கூடுதல் நேரம் எடுக்கும். சின்ன வெங்காயம், வறுத்தரைத்த மல்லி, கொஞ்சம் தேங்காய் போதும். மசாலாவை அள்ளிப் போட்டால் கறியின் ருசி தெரியாது.

போக நினைப்பவர்கள் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். தீபாவளி நெருக்கத்தில் கிடாய் கிடைப்பது சிரமம். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்து முடிந்த மார்கழியில் போனால் காடும் பச்சையாக இருக்கும். மூடி போட்ட எவர்சில்வர் தூக்குகளை மறக்காமல் எடுத்துப் போங்கள்.