முதல் காரா 1973 டஸ்டர்: அஞ்சு மாச அலைச்சல்

போன சனிக்கிழமைதான் வண்டி வாசலுக்கு வந்துச்சு. 1973 பிளிமத் டஸ்டர்னு பழைய அமெரிக்க கார், 318 வி8 (318 கன அங்குலம், எட்டு சிலிண்டர் எஞ்சின்). நான் பட்ட பாட்டை இன்னொருத்தர் படக்கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

மஸ்டாங், கமாரோ, சார்ஜர் மாதிரி பேர் போன பழைய கார் விலையெல்லாம் நம்ம கைக்கு அடங்காதுன்னு முதல் வாரமே புரிஞ்சு போச்சு. அதனால டஸ்டர், டாட்ஜ் டார்ட், செவி (ஷெவர்லே) நோவா, ஃபோர்டு மேவரிக் பக்கம் வந்துட்டேன்.

முதல் பயணம் இண்டியானாவுக்கு. நான் இருக்குற ஓஹியோ மாநிலத்து கொலம்பஸ்லேர்ந்து மூணு மணி நேரம், கூட வேலை பாக்குற சேலத்து அண்ணன் லீவு போட்டு வந்தார். '1971 டஸ்டர் 340, ஒரிஜினல்'னு விளம்பரம், அதாவது 340 வி8 எஞ்சினோடவே ஃபேக்டரியிலேர்ந்து வந்ததுன்னு அர்த்தம். பெயிண்ட் பளபளங்குது, ஸ்டார்ட் பண்ணா தரை அதிருது, எனக்கு அங்கேயே மனசு விழுந்துடுச்சு. அண்ணன்தான் கண்ணாடி வழியா டாஷ்போர்டு ஓரத்துல இருந்த தகட்டைப் பார்த்தார். அதுல இருந்த வின் நம்பர் (வண்டியோட அடையாள எண்) 'விஎல்29சி'ன்னு ஆரம்பிக்குது. நிஜமான 340-னா 'விஎஸ்29எச்'னு இருக்கணும், அஞ்சாவது எழுத்துதான் எஞ்சின், சி-ன்னா ஆறு சிலிண்டர் 225. எஞ்சின் மாத்தினது தப்பே இல்ல, அதை ஒரிஜினல்னு சொல்லி அந்த விலை கேக்குறதுதான் தப்பு. "கிளம்பு தம்பி, இது வேணாம்"னுட்டார். போற வர ஆறு மணி நேரம் வீண். தயவு செஞ்சு வின் தகட்டோட போட்டோவை முன்னாடியே கேட்டு வாங்கிடுங்க. செவி பாக்குறவங்க இன்னும் ஜாக்கிரதையா இருங்க, 1971 வரைக்கும் அவங்க வின்ல ஆறு சிலிண்டரா எட்டான்னுதான் தெரியும், எந்த வி8-ன்னு தெரியாது.

ரெண்டாவது வண்டி ஓஹியோவுலேயே. இங்க குளிர்காலம் பூரா ரோட்ல உப்பு கொட்டுவாங்க, அது இரும்பைத் தின்னுடும். சின்ன காந்தத்தைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனேன். கதவுல ஒட்டுச்சு, பின் சக்கரத்துக்குப் பின்னாடி கீழ் பக்கம் வச்சதும் நழுவி கீழ விழுந்துடுச்சு. அங்க இரும்பே இல்ல, உள்ள முழுக்க ஓட்டையை அடைச்ச பட்டி. டிக்கி மேட்டைத் தூக்கினா ஓட்டை வழியா புல்லு தெரியுது. எஞ்சின் ரிப்பேர்னா பார்ட்ஸ் கிடைக்கும், பாடி இத்துப் போச்சுன்னா வெல்டிங் செலவு வண்டி விலையைத் தாண்டிடும். பின்னாடி லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்) மாட்டுற இடம், முன் சக்கரத்துக்கு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யற டார்ஷன் பார்ங்கிற கம்பி உக்காருற கிராஸ்மெம்பர் (அடியில குறுக்கே போற இரும்புச் சட்டம்), இந்த ரெண்டையும் படுத்துக் குனிஞ்சு பார்க்காம அட்வான்ஸ் குடுக்காதீங்க.

மூணாவதுதான் இப்ப நிக்கிறது. பாடி சுத்தம், விலை பேசி 11,500 டாலருக்கு முடிஞ்சுது. 1971-ல 230 குதிரைசக்தின்னு போட்ட அதே 318-ஐ 1972-லேர்ந்து 150-ன்னு போட்டிருப்பாங்க, பயப்படாதீங்க, எஞ்சினைத் தனியா வச்சு அளக்குற 'கிராஸ்' கணக்கை விட்டு, வண்டியில இருக்குற மாதிரி எல்லாம் மாட்டி அளக்குற 'நெட்' கணக்குக்கு மாறினதுதான் அதுல பெரும்பகுதி.

ஆனா டைட்டில் பேப்பரை (வண்டி யாருக்குச் சொந்தம்னு காட்டுற பத்திரம்) பார்த்தா விக்கிறவர் பேரே இல்ல, அவருக்கு முன்னாடி வச்சிருந்தவர் பேர்ல இருக்கு. ரெண்டு வருஷமா மாத்தாம விட்டிருக்கார். முதல்ல அவர் பேருக்கு மாறணும், அப்புறம்தான் எனக்கு. அதுக்கு மூணு வாரம் ஆச்சு. அந்த மூணு வாரமும் காசை ஒரு பைசா குடுக்காம உறுதியா நின்னேன், அது மட்டும்தான் நான் முழுசா சரியா செஞ்ச காரியம்னு இப்பவும் நினைக்கிறேன். ஓஹியோவுல விக்கிறவர் நோட்டரி முன்னாடிதான் டைட்டில்ல கையெழுத்துப் போடணும், வீட்லேயே போட்டு வச்சிட்டேன்னு யாராவது சொன்னா வாங்காதீங்க.

இன்ஷூரன்ஸ்தான் என்னை அழ வச்சுது. பழைய வண்டிக்கு பாலிசி குடுக்கிற நாலு கம்பெனியும் ஒரே கேள்விதான் கேட்டாங்க, தினம் ஓட்ட வேற கார் இருக்கான்னு. இதுதான் என் முதல் காரே, வேற எங்கேருந்து காட்டுறது? கடைசியில ஒரு ஏஜென்ட் அக்கா பொறுமையா உக்காந்து சாதாரண பாலிசியிலேயே போட்டுக் குடுத்தாங்க. வண்டி தேடுறதுக்கு முன்னாடியே இதை விசாரிச்சிடுங்க. ஹிஸ்டாரிக்கல் பிளேட் (பழைய வண்டிக்குன்னு குடுக்கிற நம்பர் பிளேட்) மலிவா இருக்கேன்னு எடுத்துடாதீங்க, கண்காட்சி, ஊர்வலம், ரிப்பேருக்குக் கொண்டு போறது இதுக்குத்தான் அது, ஆபிஸுக்குப் போக முடியாது. நான் சாதாரண பிளேட்தான் எடுத்தேன்.

காலைல சோக் (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப உதவுற வால்வு) மட்டும் கொஞ்சம் மக்கர் பண்ணுது. ஞாயித்துக்கிழமை அண்ணன் வர்றேன்னிருக்கார், கார்புரேட்டரைப் பிரிச்சுப் பார்க்கணும்.