ஃபில்லர் போட்ட முகத்துக்கு ஃபேஸ்லிஃப்ட்

தொய்ந்த முகத்தை இழுத்துத் தைக்கும் ஃபேஸ்லிஃப்ட் ஆபரேஷனுக்கு முன் சர்ஜனிடம் முதலில் காட்ட வேண்டியது, முகத்தை உப்ப வைக்கப் போட்ட பழைய ஃபில்லர் ஊசியின் பில். எந்த வருஷம், முகத்தில் எந்த இடம், என்ன பிராண்ட், எத்தனை மில்லி. "ஏதோ ஊசி போட்டாங்க டாக்டர்" என்றால் அவர் என்னதான் செய்வார்?

ஹயலுரோனிக் அமில ஃபில்லர் என்றால் தலைவலி குறைவு. ஹயலுரோனிடேஸ் ஊசியில் கரைத்து, இரண்டு வாரமாவது விட்டு, நிஜமான தொய்வு எவ்வளவு என்று பார்த்துத் திட்டமிடலாம். தானாகக் கரைந்திருக்கும் என்று நம்பாதீர்கள். சிலருக்குப் பல வருஷம் கழித்தும் எம்ஆர்ஐயில் தெரிகிறது. ரேடியஸ், ஸ்கல்ப்ட்ரா போன்ற வேறு வகை ஃபில்லர்களுக்கு இப்படிக் கரைக்கும் ஊசி கிடையாது.

தோலுக்கடியில் நூல் கோத்து முகத்தைத் தூக்கும் நூல் லிஃப்ட்தான் வம்பு. பிடிஓ வகை நூல் ஆறேழு மாதத்தில் கரைந்துவிடும், உள்ளே விழுந்த தழும்பு போகாது. தோலடிக் கொழுப்புக்குக் கீழே உள்ள எஸ்எம்ஏஎஸ் படலத்தை இழுத்துத் தைப்பதுதான் ஃபேஸ்லிஃப்ட்டின் உயிர். 1976இல் மிட்ஸ், பெய்ரோனி விவரித்த படலம் அது. தழும்பு இல்லாத முகத்தில் அடுக்குகள் சுலபமாகப் பிரியும்; இருந்தால் பசை போட்டு ஒட்டிய காகிதம்தான். முக நரம்புக் கிளைகள் அந்தப் படலத்துக்கு அடியிலேயே ஓடுகின்றன. அவசரப்பட்டு வெட்டினால் வாய் கோணும். ஹைஃபு என்ற அல்ட்ராசவுண்ட் சூட்டு சிகிச்சை அதிகம் செய்த முகத்திலும் இதே கதை, கூடவே கொழுப்பும் கரைந்திருக்கலாம்.

சிகரெட்டை நாலு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், இல்லையென்றால் காதோரத் தோல் கருகும். முதல் 24 மணி நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வலித்து வீங்கினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கூப்பிடுங்கள்.