பணம் வந்துருச்சு, பகல்ல புள்ளைய யாரு பாக்கறது?

எங்க தம்பி சம்சாரம் திருப்பூர்ல பனியன் கம்பெனில ஓவர்லாக் டைலருங்க. அவளுக்கு தமிழ்நாடு அரசு குடுக்கற முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி வாங்குனதுல இருந்து வீதில மாசமா இருக்கற பொண்ணுங்க எல்லாம் எப்படிக்கா எப்படிக்கான்னு கேட்டுட்டே இருக்காங்க, அதான் எழுதிடலாம்னு உக்காந்தேன்.

மொத்தம் 18,000 ரூபா. அதுல 14,000 பேங்க்ல தவணையா ஏறும், மிச்சம் 4,000-க்கு ரெண்டு ஊட்டச்சத்து பெட்டகம், நெய்யி, பேரிச்சம்பழம், சத்துமாவு, டானிக்குன்னு வரும். மொத ரெண்டு பிரசவத்துக்குத் தான். நாள் தள்ளிப்போச்சுன்னா மூணு மாசத்துக்குள்ளயே நர்சம்மாவ பாத்து பதிஞ்சு பிக்மி நம்பர், அதாவது மாசமா இருக்கறத அரசாங்கத்துல பதிஞ்ச நம்பர், வாங்கிருங்க, பின்னால பொறப்பு சர்ட்டிபிகேட்டுக்கும் அதே நம்பர் தான் கேப்பாங்க.

எங்களுக்கு இழுத்தது பேங்க் சமாச்சாரம். நர்சம்மா கம்ப்யூட்டர்ல பாத்துட்டு பணம் போயிருச்சுங்கறாங்க, இவ பாஸ்புக்க எத்தன தடவ என்ட்ரி போட்டாலும் ஒன்னும் ஏறல. கடைசில பாத்தா கல்யாணத்துக்கு முன்னாடி ஸ்பின்னிங் மில்லு ஹாஸ்டல்ல இருந்தப்ப சம்பளத்துக்கு தொறந்த கணக்கு ஒன்னு இருக்குது, ஆதார் அதுல தான் இணைஞ்சிருக்குது, பணம் அத்தனையும் அங்க போய் உக்காந்திருக்குது. நாம பாரத்துல எந்த நம்பர எழுதிக் குடுத்தாலும் ஆதார் எதுல இணைஞ்சிருக்குதோ அதுல தான் விழுகும். மில்லுல வேல பாத்துட்டு வந்த பொண்ணுங்க நம்ம பக்கம் எத்தன பேரு, அவங்க எல்லாம் இத மொதல்லயே பேங்க்ல கேட்டு சரி பண்ணிக்கோணும்.

சரி, பணம் வந்துது. அது பிரசவ செலவுக்கும் மருந்து மாத்தரைக்கும் சரியா போச்சு. புள்ளைக்கு ஏழு மாசம் ஆச்சு, இவ வேலைக்கு திரும்பணும், அப்பத்தான் நெஜமான செலவே ஆரம்பிச்சுது. "நங்கையா, பகல்ல யாருங்க பாத்துக்குவாங்க"ன்னு தொட்டில ஆட்டிக்கிட்டே எங்கிட்ட கேக்கறா (நாத்தனார நாங்க நங்கையான்னு தான் கூப்பிடுவோம்). அவங்கம்மா ஊர்ல ஆடு மாட்ட உட்டுப்போட்டு வர முடியாது, எங்கம்மாவுக்கு முட்டி வலி. பேபி கேர்ல கேட்டா மாசம் 4,000, பால் பவுடரு தனி, ஆறு மணிக்கு மேல வெச்சுக்கிட்டா அதுக்கும் தனி. அங்கன்வாடி இருக்குது, நல்லா பாத்துக்கறாங்க, முட்டையெல்லாம் போடறாங்க, ஆனா ரெண்டு வயசு ஆகோணும், மத்தியானத்துக்கு மேல கூட்டிட்டும் வந்தரோணும். திருப்பூர்ல ஒன்றரை ஷிப்ட்னா காலைல எட்டரைக்கு போனா ராத்திரி எட்டரை!

சட்டத்துல இல்லாம இல்லீங்க. 2017-ல மகப்பேறு சட்டத்துல கொண்டு வந்த திருத்தத்துலயே 50 பேரும் அதுக்கு மேலயும் வேல செய்யற எடத்துல புள்ளைங்க காப்பகம் வெக்கணும், அம்மா ஒரு நாளைக்கு நாலு தடவ போய் பாத்துட்டு வரலாம், இந்த வசதி இருக்குதுன்னு வேலைக்கு சேக்கறப்பவே எழுத்துல சொல்லணும்னு போட்டிருந்தாங்க. இவ கம்பெனில கேட்டதுக்கு ரூம் இருக்குதுன்னு காட்டுனாங்க. உள்ள பூரா கட்டிங் துணி மூட்ட, செவுத்துல மட்டும் மிக்கி மவுஸ் படம். ஆய்வுக்கு ஆளு வரப்ப மட்டும் மூட்டைய எடுத்து வெளிய வெப்பாங்களாம். எனக்கு வயிறு எரிஞ்சு போச்சு.

இப்ப மத்திய அரசுல பால்னான்னு ஒரு திட்டம், அங்கன்வாடியோட சேத்து காப்பகம், ஆறு மாசத்துல இருந்து ஆறு வயசு வரைக்கும், ஒரு நாளைக்கு ஏழரை மணி நேரம். ஏழரை மணி நேரம் ஆபீஸ் வேலைக்கு சரி, பவர் டேபிள் தையல் மிஷின்ல உக்காந்திருக்கறவளுக்கு பத்தாது, ஓவர் டைம் இல்லாட்டி அந்த கூலில வாடகையும் கட்டி கேஸ் சிலிண்டரும் வாங்க முடியாதுங்க.

அதனால எங்க வீதி பொண்ணுங்க எல்லாம் சேந்து கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கெழம குறைதீர் கூட்டத்துல மனு குடுத்திருக்கோம், எங்க அங்கன்வாடிய காப்பகமா மாத்தி ராத்திரி ஒம்போது வரைக்கும் தொறந்து வெக்கச் சொல்லி. நீங்களும் உங்க ஏரியாவுக்கு எழுதறதா இருந்தா சும்மா காப்பகம் வேணும்னு எழுதாதீங்க, எத்தன மணிக்கு வேலைக்கு போறீங்க, எத்தன மணிக்கு வர்றீங்க, புள்ளைக்கு எத்தன மாசம்னு ஒவ்வொருத்தரும் பேருக்கு நேரா எழுதி கையெழுத்து போடுங்க, மனு ரசீத பத்திரமா வெச்சுக்கோங்க, அந்த நம்பர சொல்லித் தான் மறுக்கா போய் கேக்கோணும்.